ஜுனைதீன் நானாவின் ஒரே பாட்டு

தெரணியகலைப் பக்கத்தில் வரப்போகும் காலத்தைப் பற்றி முதன்முதலில் பேசியவர் ஜுனைதீன் நானாதான். யாரும் கேட்காமலே பேசினார். முதுகில் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு கல்லுமலை ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு ஏறுவார். சீத்தைத் துணியை உதறி முழம்போடுவார். வாங்க வந்த பெண் நிறம் பார்ப்பாளா, சாயம் போகுமா என்று யோசிப்பாளா, அதற்கெல்லாம் இடம் வைக்காமல் தொடங்கிவிடுவார்.

"இன்னம் கொஞ்சக் காலம் பாருங்க. தப்புக் கொட்டும் ஈக்காது, சிங்களவங்கட பெரை மேளமும் ஈக்காது, எங்கட றபானும் ஈக்காது. ஊருக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள ஒரு பாட்டு. தொரையும் அதத்தான் கேப்பார், நீங்களும் அதத்தான் கேப்பீங்க. பாட்டு ஒண்டாகினா ஆக்களும் ஒண்டாகிருவாங்க."

"அப்ப சண்டைக்கு எங்க போறது நானா?" என்று மூக்காயி கேட்பாள். லயத்தில் யார் இறந்தாலும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் அவள். பெட்டி வந்தால் தன் வாய்க்கும் பூட்டு விழுமோ என்ற கவலை அவளுக்குத் துளியும் இருந்ததில்லை. ஜுனைதீன் நானா சொன்னது நடக்கும் என்று அவள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நானா வெறும் வாய்ப்பேச்சுக்காரர் அல்ல. ஒருநாள் கொழும்புக்குத் துணி எடுக்கப் போனவர், துணிக்குப் பதிலாக ஒரு கிராமபோன் பெட்டியோடு திரும்பினார். பூப்போன்ற வாயும், கைப்பிடியும், ஒரு கட்டு இசைத்தட்டும் இருந்தன. மனைவி உம்மு குல்தூம் அதை வாசலோடு நிறுத்திவிட்டாள். "இந்தச் சைத்தான் எண்ட வீட்டுக்குள்ள வரப்படாது" என்றாள். காலத்தையே மாற்றப் போகிற பெட்டி அன்றிலிருந்து விறகுக் கொட்டிலில் குடியேறியது. மழைக்காலத்தில் கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன.

வருமானம் மட்டும் நன்றாகவே வந்தது. கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மலைக்கு அப்புறம் இருந்த சிங்களக் கிராமத்து விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் பெட்டி போனது. அங்கே பொடிசிங்கோ என்ற ஹொரணைக் குழல் வாசிப்பவன் நானாவுக்குச் சிநேகிதன். பெட்டி வந்தால் தன் பிழைப்புப் போகும் என்று அழுதுகொண்டிருக்காமல், பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தி, அதில் வரும் மெட்டையெல்லாம் குழலில் பிடித்துக்கொண்டான். ஒரே மாதத்தில் பெட்டியைவிட அவனுக்குக் கிராக்கி கூடியது. பெட்டிக்குக் கைப்பிடி சுற்ற வேண்டும், பொடிசிங்கோவுக்குக் கொஞ்சம் கள்ளு ஊற்றினால் போதும்.

தட்டுகளில் நானா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது ஒன்றே ஒன்றை. ஹிந்துஸ்தானியில் ஒரு பெண் இழுத்து இழுத்துப் பாடிய பாட்டு அது. என்ன சொல்கிறாள் என்று தமிழருக்கும் தெரியாது, சிங்களவருக்கும் தெரியாது, சோனக முஸ்லிம்களுக்கும் தெரியாது. அதுதான் அதன் பெருமை என்றார் நானா. யாருக்கும் விளங்காத பாட்டுத்தான் எல்லாருக்கும் பொதுவாக இருக்க முடியும் என்பது அவருடைய வாதம். கொழும்புக் கடைக்காரன் அது சந்தோஷப் பாட்டு என்று சொல்லியிருந்தான். நானாவுக்குத் தட்டில் இருந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே சந்தோஷத் தட்டுகளுக்குச் சுண்ணாம்பால் ஒரு பொட்டும், துக்கத் தட்டுகளுக்குக் கரியால் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார். ஹிந்துஸ்தானிப் பெண்ணுக்குக் கிடைத்தது சுண்ணாம்புப் பொட்டு. சிங்களக் கிராமத்தில் மணப்பெண் பிறந்த வீட்டை விட்டு இறங்கும்போது அந்தத் தட்டுத்தான் பாடியது. பிறகு அது இல்லாமல் அங்கே எந்தப் பெண்ணும் வாசற்படி இறங்குவதில்லை என்றாயிற்று.

இந்த நிலையில் கல்லுமலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் தாய் இறந்துபோனாள். எல்லார் வீட்டுச் சாவுக்கும் தப்புத்தான் அடிப்பார்கள், பெரிய கங்காணி வீட்டுச் சாவுக்கும் அதுவேதானா என்று கங்காணிக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு ஆள் அனுப்பினார். நானா கொட்டும் மழையில் ஆற்றைக் கடந்து, நனைந்த கோழி மாதிரி போய்ச் சேர்ந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால், சுண்ணாம்பும் இல்லை, கரியும் இல்லை. தட்டுகள் எல்லாம் ஒரே கறுப்பாய், கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தன.

கங்காணி முன்னால் நிற்கிறார். பிணம் நடுவில் இருக்கிறது. தப்புக்காரன் முத்துவீரன், புதிதாக வந்த மருமகளைப் பார்க்கும் மாமியாரைப் போலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானா கண்ணை மூடி அல்லாஹ்வை நினைத்து ஒரு தட்டை எடுத்து வைத்தார். ஹிந்துஸ்தானிப் பெண் இழுக்கத் தொடங்கினாள்.

ஓடிவிடலாமா என்று நானா வழி பார்த்தார். ஆனால் மூக்காயி தலையை விரித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்து லயமே அழுதது. "எவ பெத்த மகளோ, என்னமா அழுவுறா" என்றார்கள். முத்துவீரன் கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு, இழுப்புக்கு ஏற்ப மெல்லத் தப்பைச் சேர்த்தான். கங்காணியின் தாய் அப்படி ஒரு மரியாதையோடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு கல்லுமலையில் அந்தப் பாட்டுக் கேட்காமல் ஒரு பிணமும் எழும்பவில்லை. அது போடாவிட்டால் கட்டை வேகாது என்று ஒரு கதையும் எப்படியோ பிறந்துவிட்டது. சில வருஷங்களில் அது காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்றே பேசத் தொடங்கினார்கள். கலியாண வீட்டில் தெரியாத்தனமாக யாராவது அந்த மெட்டை முணுமுணுத்தால் வாயிலே போடுவார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அது சாவுப் பாட்டு, அந்தப் பக்கம் கலியாணப் பாட்டு. இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே மனிதர் நானா. எல்லாரையும் ஒன்றாக்கப் புறப்பட்டவர், இரண்டு ஊரும் ஒன்றையொன்று கேட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு திரிந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஹபீலாவுக்கு மாப்பிள்ளை பொருந்தியது. அரநாயக்கவிலிருந்து, மக்கீன் மரைக்காரின் மகன். நல்ல பையன், சொந்தக் கடை இருந்தது. இதற்கு முன்னே இரண்டு சம்பந்தம் "பாட்டுப்பெட்டிக்காரன் மகளா" என்று தட்டிப்போயிருந்தன. ஹபீலா விறகு எடுக்கக் கொட்டிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பெட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை அவளுக்கு. அது நானாவுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. இந்தச் சம்பந்தமும் போனால் மகள் தன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மரைக்கார் மார்க்கத்தில் கண்டிப்பானவர். நேரில் வந்து இருந்து, தேத்தண்ணீர் குடித்து, ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஜுனைதீன், எனக்குச் சீதனப் பேச்சு ஒண்டும் இல்ல. பாட்டுப்பெட்டி இந்த வீட்டு வளவுல ஈக்கப்படாது. கலியாணத்தண்டைக்குப் பாட்டு, கொட்டு, குழல் ஒண்டும் ஈந்தா நான் மகனக் கூட்டிக்கொண்டு எழும்பிருவன்."

"குரவ போடலாமா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து உம்மு குல்தூம் கேட்டாள்.

மரைக்கார் யோசித்தார். அவருடைய மனைவியும் நன்றாகக் குரவையிடுவாள். "குரவ பாட்டில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

காலத்தை மாற்ற வந்த பெட்டி அன்று மாலையே பொடிசிங்கோ வீட்டுக்குப் போனது. ஏன், எதற்கு என்று பொடிசிங்கோ துருவியபோது நானா கலியாணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. வளவுக்குள் குழல் சத்தம் கூடாது என்பதையும் சொன்னார். பொடிசிங்கோ பெரிதாகத் தலையாட்டினான்.

தோட்டத்துக்கு மட்டும் அவர் சொல்லவில்லை. மரைக்கார் அப்படிக் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நானாவேதான் கணக்குப் போட்டார். லயத்துக்குச் சொன்னால் முத்துவீரன் தப்போடு வருவான், மூக்காயி வாயோடு வருவாள், மரைக்காரின் வெள்ளைச் சட்டைக்காரர்கள் மத்தியில் அவர்களை எங்கே உட்கார வைப்பது? அன்றாடம் அவர்கள் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தவர்தான். எல்லாரும் ஒன்றாகப் போகிற காலத்தைப் பற்றி அந்த வாசல்களில்தான் அவ்வளவும் பேசினார். இருந்தாலும், மகளுடைய கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று துணிமூட்டையைச் சுவரோரம் சாத்திவிட்டு மலையேறுவதையே நிறுத்திக்கொண்டார். லயத்தில் நானாவுக்குச் சுகமில்லையாம் என்று பேசிக்கொண்டார்கள்.

கலியாண நாள் வந்தது. வளவில் வெள்ளைத் துணி கட்டிப் பந்தல் போட்டிருந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பள்ளிவாசல் லெப்பை கலியாணக் காவின் பதிவு எழுத உட்கார்ந்தார். நானா மாப்பிள்ளைக்கு எதிரே உட்காரப் போனார்.

அப்போது சந்தியிலிருந்து குழல் கேட்டது.

பொடிசிங்கோ நாணயமான மனிதன். வளவுக்குள் கூடாது என்றுதானே நானா சொன்னார்? ஆகவே வளவுக்கு வெளியே, முச்சந்தியில் நின்று, சிநேகிதனுடைய மகளுக்காகத் தன் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் வாசிக்கிற அதே மெட்டை மூச்சுப் பிடித்து வாசித்தான். குழல் நன்றாக மேலே ஏறியது. மலையும் அதை வாங்கி இன்னும் மேலே அனுப்பியது.

மரைக்காரின் முகம் சுருங்கியது. "என்ன சத்தம் அது?"

"ரோட்டில போற ஆரோ" என்றார் நானா. உயிர் அவர் கையில் இல்லை. ஆளை அனுப்பிப் பொடிசிங்கோவை நிறுத்தினார்கள். ஆனால் போன சத்தம் போனதுதான்.

மேலே கல்லுமலையில் ரப்பர்ப் பால் வெட்டி முடித்துச் சனம் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சாவுப் பாட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். கீழே நானா வீட்டில் வெள்ளைப் பந்தல். பந்தல் நிறைய வெள்ளை உடுத்த ஆட்கள், தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நானாவை வேறு பல நாளாகக் காணவில்லை. இதற்கு மேல் விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமா?

மரைக்காரைச் சமாதானப்படுத்தி முடிய நெடுநேரம் ஆயிற்று; பிறகுதான் லெப்பை மறுபடி தொண்டையைச் செருமி, நானாவை மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் ஒற்றையடிப் பாதையால் லயமே இறங்கி வந்தது. முன்னால் முத்துவீரன் தப்போடு. சாயபுமார் வீட்டுச் சாவில் தப்பு அடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும், ஆனால் நானா மற்ற சாயபுமாரைப் போன்றவர் அல்ல என்றும் அவனுக்கு ஓர் எண்ணம். பின்னால் எண்ணெய், ஊதுவத்தி, கோடித்துணி. அந்தத் துணி நானா விற்றதுதான். மூக்காயி வளவின் கடப்பு வாசலைத் தாண்டவில்லை. மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"மூட்டை தூக்கி மலையேறி
முகஞ்சுளிக்காம வந்தவரே
எங்க ஆத்தா போனப்ப
எங்களோட நின்னவரே
அடமழையில் ஆறு தாண்டி
அவள வழியனுப்புனீரே
ஆரிருக்கா ஒங்களுக்கு
வாய்விட்டு அழுவதுக்கு"

பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மரைக்கார் எழும்பினார். மகனும் எழும்பினான். திரைக்குப் பின்னால் ஹபீலாவின் வளையல் சத்தம் நின்றதை நானா கேட்டார்.

"ஆருக்கு அழுகுறாங்க?" என்றார் மரைக்கார்.

"எனக்கு."

"நீ ஈக்கிறியே."

"அவங்களுக்குத் தெரியா."

நானா கடப்புக்கு நடந்தார். தன் ஒப்பாரியைத் தானே காதால் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நானாவுக்கு அது பாக்கியமாகத் தோன்றவில்லை. காது எரிந்தது.

அவரைக் கண்டதும் முத்துவீரனின் கை நின்றது. மூக்காயி வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

"நானா, நீங்க இருக்கீங்களா?"

"ஈக்கிறன்."

"அப்ப செத்தது யாரு?"

"ஒருத்தரும் இல்ல. மகளுக்குக் கலியாணம்."

மூக்காயி பந்தலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த கோடித்துணியைப் பார்த்தாள். பிறகு நானாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்குச் சொல்லலியே" என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் நானா தாங்கியிருப்பார். அவள் வெறுமனே கேட்டாள். பந்தலுக்குள் யாரோ ஒரு கிழவி, அபசகுனம் போகட்டும் என்று குரவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட வந்தவர்களுக்குச் சாடை காட்டி எழும்பினாள்.

"வாங்க, உள்ள வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று நானா குழறினார்.

"சாவுன்னு கெளம்பி வந்த காலு நானா. குளிக்காம கலியாண வாசல்ல வைக்கக் கூடாது. புள்ளைக்கு ஆகாது." கொஞ்சம் நின்று, அதையும் சொல்லிவிட்டாள். "சாவுக்குக் காதுல விழுந்தாப் போதும், வந்துருவோம். கலியாணத்துக்கு வெத்தில வச்சுச் சொல்லணும். நம்ம வழக்கம் நானாவுக்குத் தெரியுந்தானே."

தெரியும். எல்லார் வழக்கமும் தெரிந்தவர் அல்லவா அவர். கூட்டம் வந்த வழியே மலையேறியது. முத்துவீரன் தப்பைக் கமுக்கட்டில் ஒளித்துக்கொண்டு போனான், திருடிக்கொண்டு போகிறவனைப் போல.

நானா திரும்பி வந்தார். மரைக்கார் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மரைக்கார். நீங்க செல்லிட்டீங்க எண்டுதான் அவங்களுக்கு நான் செல்லயில்ல."

"நான் என்னத்தச் சென்னன்?" மரைக்காரின் குரல் உயர்ந்தது. "பாட்டு வேணாம் எண்டன். ஆக்கள் வேணாம் எண்டா சென்னன்?"

தன் கோழைத்தனத்துக்கு இன்னொருவருடைய மார்க்கத்தைக் குடையாகப் பிடித்திருந்தோம் என்பது நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு பேர் முன்னிலையில் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் கடப்பில் பட்டதைவிடக் குறைவுதான்.

அவர் சுவரோரம் போய், மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டத்தைக் கையில் எடுத்தார்.

"எங்க போற?" என்றார் மரைக்கார். "பொண்ணுட வாப்பா இல்லாம எப்பிடி நிக்காஹ் செய்யுற?"

"செய்ய ஏலாது. அதுதான் கேக்குறன். நான் வாரவரைக்கும் இருப்பீங்களா, போவீங்களா?"

பந்தல் முழுவதும் மரைக்காரைப் பார்த்தது. திரை லேசாக அசைந்தது. மரைக்கார் மகனைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். "பின்னேரத்து அஸர் தொழுகைக்குள்ள வா" என்றார்.

வரப்போகும் காலத்தைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசக்கூடிய மனிதர் அன்று மலையேறும்போது ஒரு வார்த்தைகூட அகப்படாமல் தவித்தார். துணிமூட்டை இல்லாத முதுகு அவருக்கே பழக்கமில்லாமல் இருந்தது. தண்ணீர் விழும் பீலியடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நானா மரியாதையாக முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தலையை முடிந்துகொண்டு மூக்காயி வந்தாள். அவர் எழும்பித் தட்டத்தை நீட்டினார்.

"மூக்காயி, எண்ட மகள் ஹபீலாக்குக் கலியாணம். நீங்க எல்லாரும் வரணும்."

மூக்காயி வெற்றிலையைத் தொடவில்லை. "எனக்கு மட்டும் வச்சா ஆச்சா? வீடு வீடா வைங்க நானா. அதுதான் முறை."

நானா வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து வெற்றிலை வைத்தார், ஒரே வாக்கியத்தைச் சொன்னார். சிலர் சிரித்துக்கொண்டு எடுத்தார்கள். ஒருத்தி, சற்று முன்புதான் அவருக்காக அழுதவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தாள். கீழே வெள்ளைப் பந்தல் அப்படியே அசையாமல் இருந்தது. எவரும் எழும்பவில்லை.

கடைசி வாசலில் முத்துவீரன் நின்றான். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முகம் கழுவி நெற்றியில் திருநீறு வைத்திருந்தான்.

"தப்பு எடுத்துட்டு வரவா நானா?"

"வேணாம். நீங்க வாங்க."

முத்துவீரன் சரி என்று தலையாட்டினான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"கலியாணம் எத்தன மணிக்கு நானா?"

"நீங்க எல்லாரும் வந்த பொறகு" என்றார் ஜுனைதீன்.